நாங்கள் கை தூக்காத நாள்

அடியே,

இன்று காலை அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருக்கும்போது டீசல் புகை வாசம் வந்தது. நம் எஸ்டேட் லயத்தில், அதுவும் வீட்டுக்குள்ளே, டீசல் வாசம்! பக்கத்து வீட்டில் எதையோ கொட்டிக் கவிழ்த்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். பார்த்தால், குழாயடிக்குப் பக்கத்தில் காஸ் சிலிண்டர் ஏற்றிய ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். டிரைவர் சாவகாசமாக இறங்கி, "சிலிண்டர் ஆர்க்கா?" என்று கேட்கிறான். பாலத்தடி வரை நடந்துபோய்ச் சிலிண்டரைத் தலையில் வைத்து ஏறிவந்த நம் கழுத்துக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும், நீயே சொல். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அந்தப் புகையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதுவிட்டேன். டிரைவர் பயந்துபோய், "எந்தா சேச்சி, சிலிண்டர் லீக்காணோ?" என்று வண்டியைச் சுற்றி மோப்பம் பிடிக்க ஆரம்பித்தான்.

வந்துவிட்டதடி ரோடு. நீ உன் கையாலேயே கீழே அனுப்பிவைத்த ரோடு, மேடு ஏறி நம் வாசலுக்கு வந்துவிட்டது. அதை ஏற்றிக்கொண்டு வந்தவள் யார் என்று கேள். உன் வயிற்றில் பிறந்தவள். உன் பவித்ரா. கண் பட்டுவிடுமே என்று இத்தனை நாள் யாரிடமும் வாய்விட்டுப் பெருமை பேசாமல் அடக்கிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன? உன் கண்ணா படப்போகிறது? அதனால்தான் பத்தாம் வகுப்பு வரை படித்த படிப்புக்கு இன்றைக்காவது ஒரு வேலை கொடுப்போம் என்று பேனாவை எடுத்தேன்.

கிராம சபைக்குப் போவதென்றால் உனக்குத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி. நல்ல சேலை, தலையில் பூ, வாய் நிறையப் பேச்சு. மேல் லயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு, கரடும் வழுக்கலுமான அந்தப் பாதையில் கீழே இறங்குவாய். கீழே பாலத்தைத் தாண்டினால் அங்காடி, மலையாளக்காரர்களின் ஏலக்காய்த் தோட்டம், பள்ளிக்கூடம். பள்ளிக்கூட ஹாலில்தான் கூட்டம். வருகைப் புத்தகத்தில் கையெழுத்து இல்லையென்றால் சொந்த வீட்டுக்கான லிஸ்டிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பயத்தில்தான் நாம் எல்லோரும் போனோம். பயம் பாதி, கடைசியில் கொடுக்கும் பருப்புவடை பாதி.

ஆபீசர் மலையாளத்தில் வாசிப்பார். நமக்குச் சந்தைக்குப் போய்வரும் அளவுக்கு மலையாளம் உண்டு. ஆனால் ஆபீஸ் மலையாளம் வேறு, அது கோயில் ஐயர் சொல்கிற மந்திரம் மாதிரி காதில் விழும், உள்ளே போகாது. உனக்கு அதெல்லாம் ஒரு கவலையே இல்லை. வாசிக்கிறவருடைய குரல் எந்த இடத்தில் ஏறி இறங்குகிறது என்று கவனித்துவைத்திருந்தாய். அவர் "எல்லாவரும் கை பொக்கிக்கே" என்று சொல்லி முடிப்பதற்குள் உன் கை மேலே போய்விடும். அது மட்டுமா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மணிக்கட்டைப் பிடித்து அதையும் தூக்குவாய். "தூக்குடி சீக்கிரம். சீக்கிரம் பாஸானா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம். வெறகு பொறுக்கணும்ல?" உன் பிடி இரும்புப் பிடி. தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பு ஏறிய விரல்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மணிக்கட்டு சிவந்திருக்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் நீ கை தூக்கியதும் கீழ்ப்பக்கத்து ஆண்கள் கைதட்டினார்கள். நீயும் சேர்ந்து கைதட்டினாய். "எதுக்குடி தட்டுறாங்க?" என்று என்னிடம் கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அது என்ன என்று பிறகு தெரிந்தது. கீழே ஏலத்தோட்டத்துப் பக்கம் மண்வெட்டும் எந்திரம் வந்து நின்றது. நீ பதறிப் போய் பஞ்சாயத்து மெம்பரைப் பிடித்தாய். மேல் லயத்துக்குத்தானே இந்த வருஷம் ரோடு என்றார்கள், அது எங்கே என்று கேட்டாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல கீழ்ப்பக்கம் போடலாம், மேல் லயத்துக்குப் பின்னாடி பார்க்கலாம்னு தீர்மானம். சேச்சிதானே எல்லாருக்கும் முன்னாடி கையைத் தூக்கினது?" என்றார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். நீ சிரித்தாய். மறுநாள் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும்போது, அடுத்த நிரையில் நின்றுகொண்டு நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் எம்புட்டுக் கெட்டிக்காரி பாத்தியாடி! எவனாச்சும் கேட்டானா? நானா கையத் தூக்கி என் ரோட்டத் தானம் பண்ணிப்புட்டேன். அதுக்குக் கைய வேற தட்டியிருக்கேன்!" சூப்பர்வைசர் வந்து அதட்டுகிறவரை லயத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தோம். அரசியல் பேச்சை யாராவது எடுத்தால் உடனே கையை விரிப்பாய். "கொழுந்து கிள்ளுற கைக்குக் கொடி எதுக்கு? ஆள விடுங்கப்பா" என்பாய்.

அப்புறம் உனக்கு மூச்சுத்திணறல் வந்தது. நெஞ்சில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு பாலத்தடிக்கு இறங்கினார்கள். அங்கே சாயாக்கடை வாசலில்தான் ஜீப் நிற்கும். மூச்சு விடுவதே பாடாக இருக்கும்போதும் உன் வாய் சும்மா இருந்ததா? "மாரியாத்தா சப்பரத்துல போறாடி, எல்லாரும் கும்பிட்டுக்கோங்க" என்று கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தாய். தூக்கிக்கொண்டு போன பையன்களுக்குச் சிரிப்பில் கால் தடுமாறியது. நான் பின்னாலேயே உன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். கடைசித் தடவை போனபோது மட்டும் நீ ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

உன் முதல் வருஷத் திதிக்கு எல்லோரும் கூடினோம். சாப்பாடு முடிந்ததும் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. அழுது அழுது ஓய்ந்துபோன நேரம், கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று நான்தான் அந்தக் கதையை எடுத்தேன். நீ கை தூக்கியது, கைதட்டியது, ரோட்டைத் தானம் செய்தது எல்லாவற்றையும் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். பவித்ரா மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அவள் ஒன்பதாவது முடித்திருந்தாள். எச்சில் இலையை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஏன் சித்தி, அம்மாவுக்கு யாருமே அதத் தமிழ்ல சொல்லல?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக நாம் எல்லோரும் உன்னுடைய அவசரத்தைத்தான் சொல்லிச் சிரித்தோமே தவிர, இப்படி ஒரு கேள்வி ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை. அந்தச் சின்னப் பிள்ளைக்குத் தோன்றியது.

அதிலிருந்து பிடித்தது அவளுக்கு. பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்கு வருகிறவள், அங்காடியில் இருக்கும் வாசகசாலைக்குப் போக ஆரம்பித்தாள். கிழவர்கள் பேப்பர் படிக்கிற இடம், பொம்பளைப் பிள்ளை ஒன்றுகூட எட்டிப் பார்க்காத இடம். உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்து புலம்பினார். "மலையாளப் பேப்பர எழுத்துக்கூட்டிப் படிக்கிறா தாயி. சட்டம் கிட்டம்ங்கிறா. எங்கிட்டு இழுத்துட்டுப் போகப்போகுதுன்னு தெரியல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கிட்டும் போகாது. பாலம் வரைக்கும்தான் போகும். அதுக்கு மேல ரோடு இல்லையே" என்றேன்.

ஒருநாள் பஸ்ஸில் பார்த்தேன். சந்தைக்குப் போய்விட்டு மூட்டையோடு ஏறினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் நின்றுகொண்டு வருகிறார்கள், இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. கன்சஷன் டிக்கெட் எடுக்கிற பிள்ளைகள் உட்காரக்கூடாது என்பது நம் பக்கத்து பஸ்களில் எழுதாத சட்டம்தானே, நாமும் அப்படியே நின்று வளர்ந்தவர்கள்தானே. பவித்ரா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வந்து, "கன்சஷனல்லே? எணீக்கு மோளே" என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் யாராவது நின்றால் எழுந்துகொள்கிறேன், காலி சீட்டுக்கு எதற்காக எழுந்திருக்கவேண்டும், அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று மலையாளத்திலேயே கேட்டாள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. இறக்கிவிட்டுவிடுவானோ என்று மூட்டையைக்கூடக் கட்டிக்கொண்டேன், இறக்கினால் கூடவே இறங்கவேண்டுமே! அவன் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில், நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. நானும் என் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து எடுக்க வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடம் போகாமல் லயத்துக் கோடியில் விளையாடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து டீச்சரிடம் கொண்டுபோய் விட்டதும் இவள்தான். "அவங்களுக்கும் இங்க நடக்கறது ஒண்ணும் புரியலேல்ல சித்தி, நமக்கு மாதிரியே" என்றாள். நான் அவளுக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லையடி. அவள் எங்கிருந்து கற்றாள் என்றும் எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிளஸ் டூ படிக்கும்போது மறுபடியும் கிராம சபை வந்தது. ரோட்டுக்குப் பணம் வந்திருக்கிறது, எந்தப் பக்கம் போடுவது என்று தீர்மானிக்கப்போகிறார்கள் என்று வாசகசாலையில் கேட்டுவந்து சொன்னாள். அவளுக்கு ஓட்டு வயது ஆகவில்லை. சபையில் பேசவும் முடியாது, கை தூக்கவும் முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலம் லயத்தில் வீடு வீடாகப் போனாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வாசிக்கிறதத் தமிழ்ல சொல்ற வரைக்கும் யாரும் கை தூக்காதீங்க. எதுத்தெல்லாம் பேச வேணாம். கைய மடியில வச்சிருங்க, போதும்."

நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. "கை தூக்கலேன்னா பேர வெட்டிப்புடுவாங்க புள்ள" என்று ஒருத்தி. "ஒங்கம்மா இருந்தா இப்பிடிச் சொல்லுவாளா?" என்று இன்னொருத்தி. அதற்குத்தான் அவள் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் சொன்னாள்: "எங்கம்மா இருந்தா மொதல்ல கேக்கறது அவளாத்தான் இருக்கும். கேக்கலாம்னு அவளுக்கு யாரும் சொல்லல, அம்புட்டுத்தான்."

மறுநாள் ஹால் நிறைய ஆட்கள். கீழ்ப்பக்கத்தார் வலது பக்கம், நாங்கள் இடது பக்கம். ஆபீசர் வாசித்தார். குரல் ஏறியது, இறங்கியது. "எல்லாவரும் கை பொக்கிக்கே." வலது பக்கம் கைகள் எழுந்தன. இடது பக்கம் ஒரு கைகூட எழவில்லை. என் வலது கை பழக்கதோஷத்தில் துடித்தது, இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் ஒருத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஊசி போடப்போகிறார்கள் என்கிற மாதிரி. ஆபீசர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எந்தா, சம்மதமல்லே?" என்று எங்களைக் கேட்டார். பவித்ரா எழுந்தாள். உடனே மெம்பர் கையைக் காட்டி, ஓட்டு இல்லாதவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும் மோளே என்றுவிட்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள். சட்டம் அதுதான் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள் பார், உன் கண் அப்படியே.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுந்துவிட்டேன். "அவளுக்கு ஓட்டு இல்ல, சரி. எனக்கு இருக்குல்ல? நீங்க வாசிச்சது எங்களுக்குப் புரியல சார். தமிழ்ல சொல்லுங்க. அப்புறம் தூக்குறதா வேணாமான்னு நாங்க சொல்றோம்" என்றேன். அதுவரை ஊமையாக இருந்த நம் பெண்கள், "ஆமா, தமிழ்ல சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். ஆபீசர் கெட்டவர் இல்லை. தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். அவருக்குத் தமிழ் வராது. மெம்பரைப் பார்த்தார். மெம்பருக்குப் பேசத் தெரியும், ஆபீஸ் மொழியைத் தமிழில் மாற்றிச் சொல்லத் தெரியாது. இங்கே இரண்டும் படிக்கத் தெரிந்தவர் யார் என்று ஆபீசர் கேட்டார்.

ஹால் முழுக்கத் திரும்பி உன் மகளைப் பார்த்தது. பேசக்கூடாது என்று உட்காரவைத்தவளை அவர்களே மேடைக்குக் கூப்பிட்டார்கள்!

அவள் போனாள். காகிதத்தை வாங்கி முதலில் தனக்குள் ஒரு முறை படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். கீழ்ப்பக்கத்து ரோட்டை ஏலத்தோட்டத்துக்குள்ளே நீட்டுவது, இரண்டு பக்கமும் வடிகால் கட்டுவது. மேல் லயத்து ரோடு அடுத்த திட்டத்தில் பரிசீலிக்கப்படும். அவ்வளவுதான். உன் மகளாக இருந்துகொண்டு, ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. இது அநியாயம் என்றுகூடச் சொல்லவில்லை. "வாசிச்சுட்டேன் சார்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீயே ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?" என்று காதில் கேட்டேன். "அப்பிடிச் சொன்னா நாளைக்கு என்னைய யாரும் நம்ப மாட்டாங்க சித்தி" என்றாள்.

சொல்லவேண்டியதை நம் பெண்கள் சொன்னார்கள். நிறைமாதக்காரியைப் போர்வையில் தூக்கிப்போனதை ஒருத்தி சொன்னாள். பிள்ளைகள் வழுக்கி விழுவதை ஒருத்தி சொன்னாள். ஆபீசர் எழுதிக்கொண்டே இருந்தார். கீழ்ப்பக்கத்தார் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சண்டை வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பாலத்தடிச் சாயாக்கடை சேச்சி. அவள் மலையாளத்தில் பேசியது எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நாற்காலியில் வைத்து ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு வருவார்கள், என் கடை முன்னால்தான் இறக்குவார்கள், அவளுக்கு நான் வெந்நீர் கொடுத்திருக்கிறேன், கடைசியாகப் போனபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், எங்களுக்கு ரோடு வந்துவிட்டது, இனி அவர்களுக்குப் போடுங்கள் என்றாள்.

பவித்ரா அதுவரை அழாதவள், அப்போது அழுதாள். நான் அழுததைக் கணக்கில் சேர்க்காதே, நான் எதற்கும் அழுகிறவள்.

தீர்மானத்தை மாற்றி எழுதி, இரண்டு மொழியிலும் வாசித்தார்கள். மேல் லயத்துக்கு முதலில். இடது பக்கம் எல்லாக் கைகளும் எழுந்தன. வலது பக்கமும் பாதிக்கு மேல் எழுந்தன. பின்கதவோரம் நின்றுகொண்டிருந்த உன் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார், ஒரு கை போதும் என்று யாரோ சொன்னபிறகுதான் ஒன்றை இறக்கினார். அத்தனை கைகளுக்கு நடுவில் உன் மகள் மட்டும் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டுவந்த ரோட்டுக்கு அவளால் கை தூக்க முடியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அவளுக்கு ஒன்றுமே இல்லை. "இருக்கட்டும் சித்தி, வயசு வரும்ல" என்றாள்.

ரோடு உடனே வந்துவிடவில்லை. ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள், ஒவ்வொரு மனுவையும் தமிழிலேயே எழுதிக் கொடுத்தாள், வாங்கமாட்டேன் என்றால் வாங்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்று நின்றாள். இப்போது டவுன் காலேஜில் சேர்ந்திருக்கிறாள், வக்கீலுக்குப் படிக்கப்போகிறாளாம். உன்னைச் சுமந்த நாற்காலி அவள் வீட்டில்தான் இருக்கிறது. மூங்கில் கட்டிய கயிறு அறுத்த தடம் அதன் காலில் இன்னும் தெரியும். அதில் உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

போன மாதம் கிராம சபை. அவளுக்கு வயது வந்தபிறகு முதல் சபை. இனிமேல் எந்தத் தீர்மானமும் தமிழிலும் வாசித்த பிறகுதான் கை தூக்கச் சொல்லவேண்டும் என்பது அன்றைக்குத் தீர்மானம். எழுதிக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மலையாளத்தில் வாசித்தார்கள். தமிழில் வாசித்தார்கள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் குனிந்து, "புரிஞ்சுச்சா சித்தி?" என்றாள்.

"புரிஞ்சுச்சு."

"எல்லாமே?"

"எல்லாமே புரிஞ்சுச்சுடி."

"அப்பத் தூக்குங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து மேலே தூக்கினாள். கொழுந்து கிள்ளாத கை, பேனா பிடிக்கிற கை. ஆனால் அதே இரும்புப் பிடி. வீட்டுக்கு வந்து பார்த்தேன், என் மணிக்கட்டு சிவந்திருந்தது.